நான் படிக்காத கல்லூரியின் முன்னாள் மாணவன்

1

போன மே மாதம் ஒரு மதியம், ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் உணவகத்தில் உருளைக்கிழங்கு சூப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து நண்பன் சம்பத் ஒரு படம் அனுப்பினான். வேங்கிக்கால் சாலையில், கலெக்டர் ஆபீஸுக்குச் சற்று முன்னால், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் கோட்டு சூட்டோடு, கைகட்டிச் சிரித்தபடி நான்.

என்னிடம் கோட்டு கிடையாது. குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட் ஒன்று உண்டு. அதன் ஜிப்பும் பாதியில் நின்றுவிடும். ஆகவே அந்தப் படத்தில் கழுத்துக்கு மேலேதான் நான். கழுத்துக்குக் கீழே யார் என்பது இன்று வரை தெரியவில்லை.

என் தலைக்கு மேலே எழுதியிருந்தது: ‘எங்கள் முன்னாள் மாணவர். இன்று உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி. நாளை நீங்கள். சேர்க்கை நடைபெறுகிறது.’ ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு பெரிய ஒன்று. முதல் ரேங்க் என்று அர்த்தம்.

அந்தக் கல்லூரி இருக்கும் இடம் என் மாணவப் பருவத்தில் மல்லாட்டைக் கொல்லை; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. நான் ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் அங்கே கட்டடமே எழும்பியது. சம்பத்தைக் கூப்பிட்டேன். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன் அவன். அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்து இருக்கை.

“இன்னாடா இது?”

“அதத்தான் நானும் கேக்கறேன். நீ எப்படா அங்க படிச்ச?”

“எடுக்கச் சொல்லுடா.”

“உனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே போய்ச் சொன்னேன். ‘அவரே வந்து சொல்லட்டும்’னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரமே அடி அண்ணாமலைல இன்னொண்ணு வச்சுட்டாங்க. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவங்க எல்லாம் உன்னத் தாண்டிதான் போறாங்க. நேத்து ஒரு அம்மா செருப்பக் கழட்டி உட்டுட்டு உன்னக் கும்புட்டுட்டுப் போச்சு.”

சூப் ஆறிப்போனது. எதிரே இருந்த ஜெர்மானியத் தோழர் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் படிக்காத கல்லூரியில் எனக்குச் சிலை வைக்காத குறை என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? “கொஞ்சம் வயிற்று வலி” என்றேன்.

2

கல்லூரிப் பெயர் விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு காயம் உண்டு. இங்கே வந்த புதிதில், என் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் கணினியில் உலகத்துக் கல்விக்கூடங்களின் பட்டியலைத் திறந்தார். திருவண்ணாமலை என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் நிறுத்தி, “இது ஊரின் பெயரா, முழு முகவரியா?” என்று கேட்டார்.

தேடிக் கண்டுபிடித்த வரிக்கு எதிரே ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும் சேர்ந்து நின்றன.

“இதற்கு என்ன அர்த்தம்?”

“சில சமயம் செல்லும். சில சமயம் செல்லாது.”

“எந்தச் சமயம்?”

“அதைச் சொல்ல வேறு அலுவலகம் இருக்கிறது.”

அன்று ஆரம்பித்த கோபம் இது. எங்கள் அரசுக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில், சொட்டு அளக்கும் பியூரெட்டுக் குழாய்கள் ஒழுகும். வாஸலின் தடவி நாங்களே சரிசெய்துகொள்வோம். நாங்கள் ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும் நாளில் தமிழ்த் துறைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவைக் கடப்பார்கள். ஆனால் ஒரு சொட்டு கூடினாலும் எங்கள் ஆசிரியர்கள் மறுபடி முதலிலிருந்து செய் என்பார்கள். அங்கே பழகிய கைதான் இன்று இந்த நகரத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறது. இவர்கள் அதை நம்பிக் குடிக்கிறார்கள். கழித்தல் குறி போட்ட ஆளும் இந்த ஊரில் இருந்தால், அவரும் குடிக்கிறார்.

நான் விஞ்ஞானியும் இல்லை. ஆய்வகத் தொழில்நுட்பர். இங்கே உயர்கல்விக் கூடத்துக்கு ‘ஹோக்ஷூலெ’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உயர்பள்ளி. வந்த புதிதில் அம்மாவிடம் ஃபோனில் அப்படியே சொல்லிவிட்டேன். ‘எம்பையன் ஜெர்மனில ஐஸ்கூல்ல இருக்கான்’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்ல, வெகுகாலம் என்னை வாத்தியார் என்றார்கள். இப்போது இவர்கள் விஞ்ஞானி என்கிறார்கள். உண்மையில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கத்தான் ஆளில்லை.

தலைசிறந்த பல்கலைக்கழகம் என்பதையும் சரிபார்த்துவிடலாம் என்று, எங்கள் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எங்கே இருக்கிறது என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எந்தத் துறையின் காப்பி இயந்திரம் முதலிடம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து படத்தை மகள் நிலாவிடம் காட்டினேன். இங்கேயே பிறந்தவள். பள்ளி இறுதி வகுப்புக்குப் போகப்போகிறாள். அவள் தமிழில் வினைச்சொல் எங்கே வந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்பா, இது உன் முகம். கேக்காம எடுத்தா அது திருட்டு. போலீஸுக்கு நீ போகணும்.”

“அது அவ்ளோ சுலபம் இல்லம்மா. சரி, நீ எங்க படிக்கப்போற? யோசிச்சியா?”

“நம்ம ஊர்லயே படிக்கிறேன்.”

எனக்கு ஒரு கணம் மலை தெரிந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே, டிராம் போகும் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நம்ம ஊர் அது.

“அதுக்கு என்ன ரேங்க்?” என்று கேட்டேன். எனக்கே என் குரல் ஏழாவது வகுப்பு பி.டி.ஏ. கூட்டத்துக் குரல் போலக் கேட்டது.

“அதுக்கு நம்பர் இருக்கா? எதுக்கு?” என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

3

ஆகஸ்டில் விடுமுறை கிடைத்து ஊருக்குப் போனேன். வேங்கிக்கால் ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேயே இருந்தது. மூன்று மாத வெயிலில் முகம் வெளுத்து, பார்க்க ஏறக்குறைய ஜெர்மானியன் ஆகியிருந்தேன்.

மறுநாள் காலை சம்பத்தின் வண்டியில் அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கிருந்த இரண்டாவது ஃப்ளெக்ஸுக்கு எதிரே ஏழுமலை அண்ணனின் கடை. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மல்லாட்டையும் கொஞ்சம் நெல்லும் பயிர் வைக்கிறவர்; பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக்காரர்களுக்கு இளநீரும் சுண்டலும் விற்பார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உங்களாலதான் எம்பொண்ணுக்கு ஒரு நல்ல எடம் அமைஞ்சுது.”

“என்னாலயா?”

“கீர்த்தனாவுக்கு கவர்மெண்ட் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சீட்டு கெடச்சுதுங்க. அங்கதான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. நான்தான் வாணாம்னேன். உன் சித்தப்பா படிச்ச காலேஜே இங்க இருக்கு, அதுவும் மொத ரேங்க்கு. அத உட்டுட்டு வேற எங்கயோ இன்னாத்துக்குப் போறதுன்னு, ஜூன் மாசமே சேத்துட்டேன்.”

அதுவரை என் கோபம் என் முகத்தைப் பற்றியது. அந்த நிமிடத்தோடு அது போய்விட்டது. வேறொரு கோபம் வந்து உட்கார்ந்தது. ஒரு பெண் கையில் வைத்திருந்த இடத்தை என் சிரிப்பைக் காட்டித் தட்டிப் பறித்திருக்கிறார்கள்.

“அண்ணா, நான் அங்க படிக்கலண்ணா.”

அவர் எதிரே இருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

“அப்ப போர்டு?”

“பொய்ண்ணா.”

“அவ்ளோ பெரிய போர்டுல எப்டிங்க பொய்யப் போடுவாங்க?”

சிறியதாக எழுதினால்தான் பொய் என்று அவர் நினைத்திருந்தார். இதில் அவருடைய குற்றம் என்ன?

கடைக்குப் பின்னாலிருந்து கீர்த்தனா வந்தாள். கழுத்தில் அந்தக் கல்லூரியின் அடையாள அட்டை. அதிலும் அந்தத் தங்க நிற ஒன்று.

“நான் அப்பவே சொன்னேன் சித்தப்பா. நான் ஒண்ணாவது படிக்கும்போதுதான் அந்த காலேஜ கட்டுனாங்க, அவரு எப்டி அங்க படிச்சிருப்பாருன்னு கேட்டேன். ‘போர்ட விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா’ன்னுட்டாரு அப்பா.”

“கிளாஸ் எல்லாம் எப்படிம்மா போகுது?”

“ரேங்குக்கு ஓட்டு போடச் சொல்றாங்க. ஃபோன்ல அஞ்சு ஸ்டார் போடறதுக்கு ஒரு பீரியடு. ரேங்கு வந்ததுக்கு டான்ஸ் ஆடி வீடியோ எடுக்க ரெண்டு பீரியடு. லேபு மட்டும் இன்னும் தெறக்கல.”

“ரெண்டு மாசமா?”

“கண்ணாடி வழியா பாத்திருக்கோம். நல்லா பளபளன்னு இருக்கு.”

ஏழுமலை அண்ணன் அங்கிருந்த இளநீர்க் குலையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அவ சர்டிஃபிகேட்ட மட்டும் திரும்ப வாங்கிக் குடுத்துடுங்க தம்பி” என்றார்.

4

கல்லூரித் தாளாளர் என்னை வாசலுக்கே வந்து வரவேற்றார். நான் கத்துவதற்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் ஒரு சால்வையோடு தயாராக இருந்தார். சால்வை போர்த்தப்பட்ட மனிதனால் கத்த முடியாது. முயன்று பாருங்கள்.

“சார், நான் உங்க மாணவன் இல்ல.”

“அப்டி சொல்லாதீங்க சார். முன்ன ஒரு தடவ லீவுல வந்தப்ப நம்ம சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ஜட்ஜா வந்தீங்களே. அன்னைக்கு ஒரு சர்டிஃபிகேட் குடுத்தோம்.”

“பங்கேற்புச் சான்றிதழ்.”

“எங்க கையால சர்டிஃபிகேட் வாங்குனவங்க எல்லாரும் எங்க பிள்ளைங்கதான். ஃபாரின்ல பழைய மாணவங்க இருந்தா ரேங்கிங்ல அதுக்குத் தனி மார்க்கு. உங்களால நம்ம மாவட்டத்துக்கே பெருமை.”

“அது என்ன ரேங்கிங்?”

எடுத்துக் காட்டினார். நான் கேள்விப்படாத ஒரு பத்திரிகை. வட மாவட்டங்களில், சுயநிதியில், இருபாலர் படிக்கிற, ஊருக்கு வெளியே, மலை தெரிகிற வளாகம் கொண்ட கலைக் கல்லூரிகளில் முதலிடம்.

“இந்தப் பிரிவுல எத்தன காலேஜ் சார்?”

“இந்த வருஷம் நாம மட்டும்தான். அடுத்த வருஷம் போட்டி ஜாஸ்தியாயிடும்” என்றார், கொஞ்சம் கவலையோடு.

ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். “சாவி இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளுங்க வரும்போதுதான் எடுக்கறது சார். பசங்க கை வச்சா அழுக்காயிடும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் எரித்தது. ஆய்வகம் என்பது மாணவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டிய பொருள் என்று மனதார நம்பினார்.

ஃப்ளெக்ஸ் இருக்கட்டும், கீர்த்தனாவின் டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துவிடுங்கள் என்றேன். அசல் சான்றிதழ்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பதாக ஆபீஸில் சொன்னார்கள். தலைமை அலுவலகம் எங்கே என்றால் மேல் மாடி. மாடிக்குப் போனால் கையெழுத்து போடுகிறவர் கீழே போயிருக்கிறார். கீழே வந்தால் அவர் மாடிக்குப் போய்விட்டார். ஜெர்மனியில் இந்த ஆட்டத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். இங்கே நேரில் போனாலே ஆட விடுகிறார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

கடைசியில் தாளாளர் என் தோளில் கை வைத்தார். “வெள்ளிக்கிழம நம்ம ரேங்க் வெற்றி விழா. பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. நீங்க மேடைல ரெண்டு வார்த்த பேசுங்க. அன்னைக்கே சர்டிஃபிகேட்டு பொண்ணு கைல இருக்கும். என் வார்த்த சார் இது.”

சரி என்றேன். மேடையும் மைக்கும் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

5

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள். பலர் என் படத்தைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்தவர்களாக இருக்கலாம். மூன்றாவது வரிசையில் ஏழுமலை அண்ணனும் கீர்த்தனாவும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் புது வேட்டி கட்டியிருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். “எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. நான் படித்தது திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி. நான் விஞ்ஞானி இல்லை, ஆய்வகத் தொழில்நுட்பர். எனக்குச் சோறு போடுவது எந்த ரேங்க்கும் இல்லை. அங்கே ஆய்வகம் திறந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளுக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள்.”

முடிந்தது, உண்மை வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தாளாளர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அல்லது அப்படி வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

“பாத்தீங்களா? எவ்ளோ பெரிய மனசு. அரசுக் கல்லூரில படிச்சவரு, ஜெர்மனிலேர்ந்து நம்ம காலேஜத் தேடி வந்து, நம்ம ஆய்வகத்தப் பத்திப் பேசறாரு. இதவிட நமக்கு வேற ரேங்க் வேணுமா?”

கைதட்டல் இடியாய் எழுந்தது. பொய்யை உடைக்கலாம் என்று போனால், நான் சொன்ன உண்மையையே எடுத்து அதே ஃப்ளெக்ஸில் ஒட்டிவிட்டார் அந்த மனிதர். இத்தனை வருடம் வேதியியல் படித்தும், எதைப் போட்டாலும் அதைத் தானாக்கிக்கொள்ளும் இப்படி ஒரு கரைப்பானை நான் பார்த்ததில்லை.

சால்வைகள் மடிக்கப்பட்டன. விழா முடிகிற நேரம். தாளாளர் படியிறங்கப் போனார். அப்போது கீர்த்தனா எழுந்தாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக மேடைக்கு வந்து, இன்னும் அணைக்கப்படாத மைக்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சார், என் டி.சி.யும் மார்க் ஷீட்டும் இன்னைக்குத் தர்றேன்னு வார்த்த குடுத்தீங்க. எல்லாரும் இருக்கும்போதே உங்க கையால குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும் சார்.”

அரங்கம் முழுக்கக் கேட்டது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். தாளாளரின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. மூன்றாவது வரிசையில் ஏழுமலை அண்ணன் எழுந்து நின்றார். கைகூப்பி நின்றார், அவ்வளவுதான். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்து, ஏதோ பரிசு போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களும் எழுந்தார்கள்.

மாடியிலும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் இருந்த ஃபைல், கொஞ்ச நேரத்தில் மேடைக்கு வந்து சேர்ந்தது. தாளாளர் கேமராவைப் பார்த்துக்கொண்டே அதை அவள் கையில் கொடுத்தார். ஒரு பெண் கல்லூரியை விட்டுப் போவதற்கு அத்தனை பெரிய கைதட்டலை நான் கேட்டதில்லை. தட்டியவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும் என்பது வேறு. வெளியே வரும்போது ஒரு அம்மா அவளை நிறுத்தி, “எதுலம்மா ஃபர்ஸ்ட் வந்த?” என்று கேட்டார்.

“வெளிய வந்ததுல” என்றாள் கீர்த்தனா.

6

அரசுக் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்திருந்த இடம் போய்விட்டது. வேறொரு பெண் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? காலியிடங்களுக்கான சேர்க்கை நடந்த நாளில் காலையிலிருந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். மாலை நேர வகுப்பில் வேதியியலில் ஓர் இடம் இருந்தது. காலை வகுப்பில் கையில் இருந்ததை, சாயங்கால வகுப்பில் கெஞ்சி வாங்கிக்கொண்டோம். அதற்கே எல்லோரும் எங்களை அதிர்ஷ்டசாலிகள் என்றார்கள்.

காத்திருந்தபோது ஏழுமலை அண்ணன் சொன்னார்: “அந்த நம்பரு எதுக்குத் தர்றாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. எங்க வீட்ல யாரும் எதுலயும் மொதல்ல வந்ததில்ல. எம்பொண்ணு மொத ரேங்க்கு காலேஜுன்னு நாலு பேரு சொன்னா நல்லாருக்கும்னு தோணுச்சு. அது தப்பா?”

தப்பில்லை. அந்த ஆசை இருப்பது தெரிந்து, அதற்கு ஏற்ற உயரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்களே, அது தப்பு. இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆறுதல் அடைந்த மாதிரி தெரியவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்து, சம்பத்தை இரண்டு முறை அலையவிட்ட பிறகு ஃப்ளெக்ஸ்கள் இறங்கின. அடி அண்ணாமலையில் இருந்ததை அண்ணன் கேட்டு வாங்கி மல்லாட்டைக் குவியல் மேல் போர்த்தியிருப்பதாகச் சம்பத் சொன்னான். மழைக்கு நன்றாகத் தாங்குகிறதாம்.

நான் திரும்பி வந்து, கிணற்றுத் தண்ணீருக்கும் டிராமுக்கும் நடுவில் மறுபடி பழகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, கீர்த்தனாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நிலா பக்கத்தில் இருந்தாள். இருவருமாகக் கேட்டோம்.

“சித்தப்பா, சில்வர் நைட்ரேட் கைல பட்டு வெரலெல்லாம் கறுத்துப் போச்சு. அம்மா சோப்பு, எலுமிச்சம்பழம்னு எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டு திட்டறாங்க. பியூரெட்டு ரெண்டு பேருக்கு ஒண்ணுதான், ஆனா லேபு தெனமும் தெறக்கறாங்க. அப்பா நல்லாருக்காரு. கடைக்கு வர்றவங்க பொண்ணு இன்னா படிக்குதுன்னு கேட்டா, கெமிஸ்ட்ரின்னு நல்லா சத்தமா சொல்றாரு. எங்கன்னு கேட்டா மட்டும் கொரலக் கொறச்சிக்கறாரு. அது மாற கொஞ்ச நாளாவும்னு நெனக்கறேன்.”

செய்தி முடிந்தது. “ஏன் அவர் குரலைக் குறைக்கிறார்?” என்று நிலா கேட்டாள்.

முதலில் தமிழில் விளக்கினேன். பிறகு ஜெர்மனில். ரேங்க், கௌரவம், சொந்தக்காரர்கள், கல்யாணம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் ஏறியது. வெயிலில் நின்று பயிர் வைக்கிற ஒரு மனிதர், தன் மகள் நேர்மையாகப் படிக்கும் இடத்தின் பெயரைத் தன் கடையில் நின்று உரக்கச் சொல்ல முடியவில்லை. இதை எந்தத் தரவரிசையில் சேர்ப்பது?

நிலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் ஃபோனை வாங்கி, கீர்த்தனாவின் செய்திக்குப் பதிலாகப் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டாள்.

“பெரியப்பா, நான் நிலா. காலேஜ் பேரை நீங்க சொல்லணும் சத்தமா. இல்லன்னா எங்க அப்பா இங்க கத்துறார்.”

அனுப்பிவிட்டு, ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, டிராமைப் பிடிக்க ஓடினாள்.